பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி: வாங்குவதும் பராமரிப்பதும், புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை முதன்முறையாக வாங்கப் போகிறவர் பெரும்பாலும் எஞ்சினைத்தான் முதலில் பார்க்கிறார். அடுத்து பெயின்ட், இருக்கைகள், பெரிய டயர்கள், முன்னால் பொருத்தியிருக்கும் வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் கருவி) ஆகியவற்றில் மயங்குகிறார். இந்த வரிசை தலைகீழானது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றிச் சீர்செய்யலாம், தேவைப்பட்டால் வேறொன்றைக்கூடப் பொருத்தலாம். ஆனால் அவை அனைத்தையும் தாங்கி நிற்கும் சேசிஸ் உளுத்துப்போயிருந்தால், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வண்டியை வாங்குவதில் பொருளில்லை. ஆகவே மாற்ற முடியாததை முதலில் பார்ப்பது, எளிதில் மாற்றக்கூடியதைக் கடைசியில் பார்ப்பது என்ற முறையையே இங்கு பின்பற்றுகிறேன்.

எந்த வகை வண்டி என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டிகள் எல்லாம் ஒரே விதமாக இயங்குவதில்லை. பகுதிநேர அமைப்பு கொண்டவற்றில் சாதாரணமாகப் பின்சக்கரங்கள் மட்டுமே வண்டியைத் தள்ளுகின்றன. லீவரை மாற்றியதும், கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸ் முன்ஆக்சிலையும் பின்ஆக்சிலையும் இறுக்கமாக இணைத்துவிடுகிறது. பழைய சுசுகி ஜிம்னி இந்த வகை. முழுநேர அமைப்பில் நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கும். முன்னுக்கும் பின்னுக்கும் இடையே ஒரு மைய டிஃபரன்ஷியல் இருந்து இரண்டின் வேக வேறுபாட்டையும் சமன்செய்யும். லேண்ட் ரோவர் டிஃபென்டர் இவ்வாறு இயங்குகிறது. 1991இல் வந்த இரண்டாம் தலைமுறை மிட்சுபிஷி பஜேரோ போன்ற சில வண்டிகளில் இரு முறைகளையும் தேர்ந்துகொள்ளும் வசதி உண்டு.

இந்த வேறுபாடு ஏட்டறிவோடு நின்றுவிடுவதில்லை. வண்டி வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தொலைவு உருள வேண்டும். பகுதிநேர அமைப்பில் இரண்டும் இறுக இணைந்திருப்பதால் அந்த வேறுபாடு எங்காவது கழிய வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் சற்று வழுக்கி அதைக் கழித்துவிடும். உலர்ந்த தார்ச்சாலையில் டயர் வழுக்காது. அதனால் ஷாஃப்ட்களிலும் கியர்களிலும் முறுக்கம் ஏறிக்கொண்டே போய், ஸ்டியரிங் கனத்து, லீவர் சிக்கி, இறுதியில் ஏதாவது ஒரு பாகம் உடையும். முந்தைய உரிமையாளர் இதை அறியாதவராக இருந்தால் அதன் விலையைப் புதிய உரிமையாளர்தான் கொடுக்க வேண்டியிருக்கும். எனவே விற்பவரிடம், "ஃபோர் வீலை எப்போது போடுவீர்கள்?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள்; மழைக்காலம் முழுவதும் தார்ச்சாலையில் அதைப் போட்டே ஓட்டியதாக அவர் பெருமையோடு சொன்னால், நீங்கள் டிரான்ஸ்ஃபர் கேஸை இருமடங்கு கவனத்துடன் சோதிக்க வேண்டும்.

பார்க்கப் போவதற்கு முன்

எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு ஆவணங்களை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்த மாடலுக்கு உதிரி பாகங்கள் இன்னும் கிடைக்கின்றனவா என்பதை நீங்களே விசாரித்துவிடுங்கள். அரிதான எஞ்சின் வகை ஒன்றில் ஒரு சிறிய சென்சார் கிடைக்காமல் போனாலும் வண்டி மாதக்கணக்கில் நின்றுவிடும். கையில் டார்ச், பழைய துணி, சிறு சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், தரையில் விரிக்க ஒரு பாய் ஆகியவை இருக்கட்டும். உடைகள் அழுக்காகாமல் திரும்பி வந்தீர்கள் என்றால் வண்டியைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே பொருள்.

சேசிஸ்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் பெரும்பாலானவை ஏணி வடிவச் சேசிஸின்மேல் தனியாகப் பொருத்திய பாடியைக் கொண்டவை. இரண்டாம் தலைமுறை ஜீப் செரோக்கி எக்ஸ்.ஜே. போன்ற சிலவற்றில் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியே சேசிஸாகவும் அமைந்திருப்பதால் அவற்றில் தரைத்தகடுகளையும் அவற்றோடு பற்றவைத்திருக்கும் நீள்தண்டுகளையும் பார்க்க வேண்டும். லேண்ட் ரோவர் டிஃபென்டரின் வெளித்தகடுகளில் பெரும்பகுதி அலுமினியத்தால் ஆனவை என்பதால் அது துருப்பிடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அதன் சேசிஸும், முன்கண்ணாடிக்குக் கீழே எஞ்சினையும் ஓட்டுநர் பகுதியையும் பிரிக்கும் தடுப்புச்சுவரும் இரும்பு. அலுமினியம் இரும்போடு தொடும் இடங்களில் ஈரம் தங்கினால் அலுமினியமும் வெண்பொடியாக அரிக்கப்படும்.

துரு எங்கும் ஒரே அளவில் வருவதில்லை. சேறும் நீரும் தேங்கும் இடங்களில்தான் முதலில் வருகிறது: பின்ஆக்சிலுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் பகுதி, பின்கோடியின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங்குகளைத் தாங்கும் கொக்கிகள், பாடி அமரும் தாங்கிகள், எரிபொருள் டாங்கின் மேற்புறம். பெட்டி வடிவச் சட்டங்கள் உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கின்றன. ஆகவே வெளிப்புறம் நன்றாகத் தெரிவதை வைத்து முடிவெடுக்க முடியாது. சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இரும்பு கணீரென்று ஒலிக்கும். மெலிந்த இடம் மந்தமாகச் சத்தம் தரும், சில வேளைகளில் உள்ளே துருச்செதில்கள் உதிரும் ஒலியும் கேட்கும். ஐயம் தரும் இடத்தில் உரிமையாளரின் ஒப்புதலோடு ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். சட்டத்திலுள்ள வடிகால் துளைகளில் விரலை விட்டால் உள்ளே சேறு அடைந்திருக்கிறதா என்பது தெரியும்.

மேற்பரப்பில் மெல்லிய செந்துரு இருப்பது பழைய வண்டியில் இயல்பு. அதற்காக அஞ்ச வேண்டாம். நான் அஞ்சுவது, விற்பனைக்குச் சற்று முன்னர் அடித்த பளபளப்பான கருப்பு அடிப்பூச்சைத்தான். மற்றெல்லாம் பழையதாக இருக்கும்போது அடிப்பகுதி மட்டும் புத்தம் புதிதாக மின்னினால், அதன் கீழே எதை மறைத்தார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. பற்றவைத்த ஒட்டுகளையும் கவனியுங்கள். ஸ்பிரிங் கொக்கிக்கு அருகிலும் ஸ்டியரிங் பாக்ஸ் பொருத்தப்பட்ட இடத்திலும் முடிபோன்ற விரிசல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கனமான டயர்களைப் பொருத்தி முரட்டு நிலத்தில் ஓடிய வண்டிகளில் இவை காணப்படும்.

சேசிஸில் பொறித்த எண்ணும் ஆவணத்தில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எண் இருக்கும் இடம் தேய்த்தோ மறுபடி பற்றவைத்தோ இருந்தால், காரணம் என்னவாயினும், பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. எஞ்சின் மாற்றப்பட்டிருப்பது தவறில்லை. ஆனால் அது ஆவணத்தில் ஏறியிருக்க வேண்டும்.

எஞ்சின்

எஞ்சின் உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட்டைப் பாருங்கள். எண்ணெய்ப் படலமோ துருநிறமோ இருக்கக் கூடாது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய்போன்ற கசடு இருந்தால் எண்ணெயோடு நீர் கலந்திருக்கிறது. சிறு தொலைவுகள் மட்டுமே ஓடும் வண்டியில் இது ஈரக்காற்றாலும் வரலாம், ஆனால் கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் எஞ்சினின் மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத்தகடான ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் புகையைக் கவனியுங்கள். கரும்புகை எரிபொருள் மிகுதியையோ காற்றுப் பற்றாக்குறையையோ காட்டும்; டீசல் எஞ்சினில் அது அடைத்த ஏர் ஃபில்ட்டர் அளவுக்கு எளிய காரணத்தாலும் இருக்கலாம். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடான பின்னும் நிற்காத வெண்புகை கூலன்ட் எரிவதையோ, டீசல் முழுதாக எரியாமல் வெளியேறுவதையோ காட்டும். எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் தளர்த்தினால் பலமாகக் காற்று வீசுகிறது என்றால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யாமல் அந்த வண்டிக்கு விலை பேசாதீர்கள்.

டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்தால் அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது கேளுங்கள். பல எஞ்சின்களில் ஏறத்தாழ 1,00,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். சரியான அளவு அந்தந்த எஞ்சினின் கையேட்டில் இருக்கும். ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று கொண்டு அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள், ஏனெனில் பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனோடு மோதி வளைந்துவிடும்.

விசை செல்லும் வழி

ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கே உரிய செலவுகள் இங்குதான் ஒளிந்திருக்கின்றன. சக்கரங்களுக்கு அடை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, எஞ்சினை நிறுத்திய பின் வண்டிக்கு அடியில் படுத்து, ஆக்சில்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் ஒவ்வொரு புரொப்பல்லர் ஷாஃப்டையும் கையால் முறுக்கியும் மேலும்கீழும் அசைத்தும் பாருங்கள். ஷாஃப்டின் முனையில் வளைந்துகொடுக்கும் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கக் கூடாது. அதன் மூடிகளைச் சுற்றிச் செந்நிறப் பொடி தெரிந்தால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது.

ஒற்றைத் தண்டாக அமைந்த முன்ஆக்சில் கொண்ட பல பழைய வண்டிகளில் இரு கோடியிலும் பளபளப்பான உருண்டை மூட்டுகள் இருக்கும். அந்த உருண்டையின் பரப்பு குழிவிழுந்திருந்தால், புதிய சீல் போட்டாலும் அது சீக்கிரமே கிழிந்துவிடும். மேற்பரப்பில் மெல்லிய கிரீஸ் படலம் இயல்பானதே. ஆனால் நீர்த்த எண்ணெய் சொட்டினால், உள்சீல் போய், ஆக்சிலில் இருக்கும் டிஃபரன்ஷியலின் ஆயில் மூட்டுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. பாகம் மலிவானது, பிரித்துக் கோக்கும் வேலைதான் நீளமானது.

முன்சக்கரத்தை ஜாக்கால் தூக்கி, உறுதியான தாங்கியில் நிறுத்தி, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உட்புறமும் வெளிப்புறமும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் குறை வீல் பேரிங்கில் இருக்கிறது; மறையாவிட்டால் ஸ்டியரிங் மூட்டின் பின்னிலோ பால் ஜாயின்ட்டிலோ இருக்கிறது. இந்தச் சிறு சோதனை ஒன்றே தேவையற்ற செலவுகள் பலவற்றைத் தவிர்க்கும்.

முன்சக்கரங்களின் நடுவில், சக்கரத்தை ஆக்சில் தண்டோடு இணைக்கவும் விடுவிக்கவும் கையால் திருப்பிப் பூட்டும் ஹப்கள் இருந்தால், சக்கரத்தைத் தூக்கிய நிலையிலேயே இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். பூட்டிய நிலையில் சக்கரத்தோடு உள்தண்டும் சுழல வேண்டும். விடுவித்த நிலையில் தண்டு அசையாமல் இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடாத ஹப்கள் பல இரண்டில் ஒரு நிலையிலேயே இறுகிக் கிடக்கும்.

டயர்களைப் பார்க்கும்போது தரையில் படும் பட்டையின் பள்ளங்களின் ஆழத்தோடு தயாரிப்புத் தேதியையும் படியுங்கள். 2000ஆம் ஆண்டு முதல் தயாரான டயர்களில் பக்கச்சுவரிலுள்ள குறியீடு நான்கு இலக்கங்களில் முடியும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நான்கு டயர்களும் ஒரே அளவிலும் ஏறத்தாழ ஒரே தேய்மானத்திலும் இருப்பது இந்த வண்டிகளில் அழகுக்காக அல்ல. விட்டம் வேறுபட்டால், முன்பு சொன்ன அதே முறுக்கம் நேர்ச்சாலையில்கூட உருவாகும்.

ஓட்டிப் பார்த்தல்

முதலில் சாதாரணச் சாலையில் ஓட்டுங்கள். கியர் ஒவ்வொன்றிலும் வேகமெடுத்து, பிறகு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து எஞ்சினாலேயே வேகம் குறைய விடுங்கள்; அப்போது கியர் தானாகக் கழன்றால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. வேகமெடுக்கும்போது மட்டும் எழும் ஓலமும், காலை எடுக்கும்போது மட்டும் எழும் ஓலமும் டிஃபரன்ஷியல் கியர்களைச் சுட்டும். வேகத்தோடு மாறிக்கொண்டே வரும் உறுமல் பெரும்பாலும் பேரிங்கிலிருந்தோ முரட்டுப்பட்டை டயரிலிருந்தோ வரும். இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது.

சிறு பள்ளத்தில் ஏறி இறங்கியதும் முன்சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் படபடவென்று ஆடத் தொடங்கினால், அதற்கு ஒரே காரணம் இருப்பது அரிது. குறுக்குத்தண்டின் புஷ்கள், ஸ்டியரிங் தண்டு முனைகள், மூட்டு பேரிங்குகளின் இறுக்கம், சக்கரச் சமநிலை என்று பலவும் கூடி அதை உண்டாக்குகின்றன. ஸ்டியரிங்கின் அதிர்வைத் தணிக்கும் டாம்பரைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்லக்கூடும். டாம்பர் அந்த ஆட்டத்தை மறைக்குமே தவிர அதன் காரணத்தைப் போக்காது.

அடுத்து மண்ணோ சரளையோ உள்ள தளர்ந்த நிலத்துக்குப் போய் ஃபோர் வீலைப் போடுங்கள். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக வட்டமடித்து, முன்சக்கரப் பக்கம் 'டக் டக்' என்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் திரும்பும் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் மூட்டான, முன்ஆக்சிலின் சி.வி. ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. வண்டியை நிறுத்தி, மெதுவாகவும் அதிக இழுவிசையோடும் ஓட்டுவதற்கான லோ ரேஞ்சைப் போட்டு, முதல் கியரில் ஒரு சரிவில் பிரேக் மிதிக்காமல் இறங்குங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் தானாகக் குதித்து வெளியேறக் கூடாது. விற்பவர் இதற்கெல்லாம் இடம் தர மறுத்தால், அந்தப் பகுதி வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொண்டே விலை பேச வேண்டும்.

வாங்கிய முதல் வாரம்

கைவசமுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். முந்தைய உரிமையாளர் எதை எப்போது மாற்றினார் என்று யூகித்துக்கொண்டிருப்பதைவிட, எல்லா எண்ணெய்களையும் ஃபில்ட்டர்களையும் ஒருமுறை முழுதாக மாற்றி, அன்றைய கிலோமீட்டரைக் குறித்து, அங்கிருந்து கணக்கைத் தொடங்குவதே சரி. எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன், பின் டிஃபரன்ஷியல்கள், கூலன்ட், பிரேக் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் என்று பட்டியல் நீளமானது; டிரான்ஸ்ஃபர் கேஸைத்தான் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள்.

ஆயில் வடிக்கும்போது ஒரு விதியை மீறவே கூடாது: ஊற்றும் துளையின் போல்ட்டை முதலில் கழற்றுங்கள், அது கழன்ற பிறகே வடிக்கும் போல்ட்டைத் தொடுங்கள். ஆயிலை வடித்த பின் மேல் போல்ட் இறுகி வரமறுத்தால், ஓட்ட முடியாத வண்டியோடு அங்கேயே உட்கார்ந்திருக்க நேரிடும். வடிந்த எண்ணெய் பேசும். காந்த போல்ட்டில் பசைபோல ஒட்டிய நுண்துகள் இயல்பு. நகத்தால் எடுக்கக்கூடிய இரும்புச் சில்லுகள் இயல்பல்ல. எண்ணெய் பால்போல இருந்தால் நீர் புகுந்திருக்கிறது.

கியர் ஆயிலை வாங்கும்போது 75டபிள்யூ-90 போன்ற அடர்த்தி எண்ணோடு ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்ற தரக்குறியையும் பாருங்கள். டிஃபரன்ஷியலின் கடும் அழுத்தத்துக்கு ஜி.எல்.-5 ஏற்றது, ஆனால் அதிலுள்ள சேர்மானங்கள் சில பழைய கியர்பாக்ஸ்களின் கியர்கள் சீராக விழ உதவும் பித்தளைச் சிங்க்ரோ வளையங்களுக்கு ஒத்துவராது. எண் பெரியதாக இருப்பதால் அது எல்லாவற்றுக்கும் மேலானது என்று எண்ணாமல் கையேடு சொல்வதையே ஊற்றுங்கள்.

ஆக்சில்களின் மேல் ஒரு சிறு காற்றுத்துளை அல்லது குழாய் இருக்கும். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். காற்றுத்துளை அடைத்திருந்தால் சீல்கள் வழியாக நீரையே உறிஞ்சிக்கொள்ளும். டிஃபரன்ஷியலில் பால்நிற எண்ணெய் வரப் பெரும்பாலும் இதுவே காரணம். துளையைச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர் குழாயை எஞ்சின் அறையின் உயரம் வரை நீட்டிவிட்டால் போதும். இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு பயன் தரும் வேலை இந்த வண்டிகளில் வேறில்லை.

தொடரும் பராமரிப்பு

யுனிவர்சல் ஜாயின்ட்களின் கிரீஸ் நிப்பிள்களில், பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது தெரியும்வரை அடியுங்கள். ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் மூட்டில் மட்டும் அளவாக அடியுங்கள். அது நிரம்பிவிட்டால் ஷாஃப்ட் சுருங்க இடமின்றிக் கியர்பாக்ஸை இடிக்கும். பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் ஸ்பிரிங் வேலை முடிந்து சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிணைக்கும் யு-போல்ட்களை மறுபடி முறுக்குங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால் வண்டி ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும்.

ஃபோர் வீலைத் தேவைப்படும்போது மட்டும் பயன்படுத்தினால் போதும் என்று பலர் அதை ஆண்டுக்கணக்கில் தொடுவதில்லை. லீவர் தண்டுகள் துருப்பிடித்து, சீல்கள் உலர்ந்து, தேவைப்படும் அன்று அது விழாமல் போகிறது. மாதம் ஒருமுறையாவது தளர்ந்த நிலத்தில் போட்டு, லோ ரேஞ்சோடு சேர்த்துச் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

ஆழமான நீரைக் கடந்து வந்தால் பிரேக்கை மெல்ல மிதித்து உலர்த்துங்கள். அன்றோ மறுநாளோ டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பாருங்கள். உப்புநீர் பட்டிருந்தால் அன்றைக்கே நன்னீரால், சேசிஸின் உட்புறம் உட்பட, கழுவ வேண்டும். துருவின்மேல் தாரைப் பூசுவது ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதற்கு ஒப்பானது. துருவைச் சுரண்டி, உலரவிட்டு, சட்டங்களின் உள்ளே மெழுகு வகைப் பூச்சைத் தெளிப்பதே நீடிக்கும்.

ஜாக் போடுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. டிஃபென்டர் உள்ளிட்ட சில வண்டிகளில் கைபிரேக் சக்கரத்தில் இல்லை; டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து புறப்படும் ஷாஃப்டைத்தான் அது பிடிக்கிறது. அத்தகைய வண்டியில் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கியதும் டிஃபரன்ஷியல் வழியாக அது தடையின்றிச் சுழலும். கைபிரேக் போட்டிருந்தும் வண்டி உருண்டுவிடலாம். தரையிலுள்ள சக்கரங்களுக்கு இருபுறமும் அடை வைக்காமல் ஜாக்கைத் தொடாதீர்கள். ஜாக் மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் எக்காரணத்துக்காகவும் நுழையாதீர்கள்.

நீண்ட நாள் நிறுத்திவைக்க நேர்ந்தால் டீசல் டாங்கை நிரப்பி வையுங்கள். வெற்றிடம் குறைந்தால் உள்ளே ஈரம் படிவதும் குறையும். பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றி, டயர்களில் காற்றைச் சற்றுக் கூட்டி, சக்கரங்களுக்கு அடை வைத்துக் கைபிரேக்கை விடுவித்துவிடுங்கள். மீண்டும் எடுக்கும்போது எஞ்சின் சரியாக ஓடுகிறது என்பதற்காக உடனே சாலைக்குப் போய்விடாமல், நின்ற இடத்திலேயே கிளட்ச் விடுபடுகிறதா, பிரேக் பிடித்து விடுகிறதா, அடியில் புதிய கசிவு ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு நகர்த்துங்கள்.